பிழைதிருத்தப் பட்டியலில் சேராதவை

பல தொழில் பார்த்தவர்களுடைய சுயசரிதைகளுக்கு எப்போதுமே வாசகர்கள் அதிகம். நம்மில் பெரும்பாலோர் ஒரே காரியாலயத்தில் ஒரே நாற்காலியில் முப்பது வருஷம் உட்கார்ந்து எழுந்து வருகிறவர்கள். நேற்று மெழுகுவர்த்தி வார்த்த பையன் இன்று பத்திரிகை நடத்துகிறான், நாளை அந்நிய தேசத்து அரசவையில் தூதனாக நிற்கிறான் என்று படிக்கும்போது, நாம் வாழாமல் விட்ட வாழ்க்கைகளை யாரோ நமக்காக வாழ்ந்து காட்டியது போல ஒரு திருப்தி உண்டாகிறது. கதை படிப்பதும் ஏறக்குறைய இதே காரணத்துக்காகத்தான்.

ஆனால் கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. கதாநாயகன் வாசற்படி தாண்டிப் போனதும் வாசகர்கள் அவன் பின்னாலேயே போய்விடுவார்கள். ஆசிரியன் மட்டும் ஒரு நிமிஷம் பின்தங்கி, வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பான். இவன் புதுத் தொழில் தேடிப் போய்விட்டான். பழைய கடையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் வைத்தியரை யார் கூப்பிடுவார்கள்? சுயசரிதையைப் படிக்கும்போதும் எனக்கு இந்த வழக்கம் போவதில்லை. பெஞ்சமின் பிராங்க்ளினுடைய சுயசரிதையை நான் பல தடவை படித்திருக்கிறேன். படிக்கும்போதெல்லாம் அந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறேன். அங்கே தெரிந்ததைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பிராங்க்ளின் 1706ஆம் வருஷம் பாஸ்டன் நகரத்தில் பிறந்தவர். மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்ற தகப்பனாருக்குப் பதினேழு குழந்தைகள்; இவர் பதினைந்தாவது. பத்து வயசில் பள்ளிக்கூடம் முடிந்தது. பன்னிரண்டில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். பதினேழில் அங்கிருந்து ஓடிப் பிலடெல்பியா போனார். பிறகு லண்டனில் அச்சுத் தொழிலாளி, திரும்பி வந்து சொந்த அச்சகம், 1729இல் பத்திரிகை, 1732 முதல் பஞ்சாங்கம், தபால் அதிகாரி, நாற்பத்திரண்டு வயசில் அச்சகத்தைக் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டு மின்சார ஆராய்ச்சி, அப்புறம் அரசியல், தூது. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்திலும், பிரிட்டனோடு செய்த சமாதான உடன்படிக்கையிலும், 1787இல் உருவான அரசியல் சட்டத்திலும் அவருடைய கையெழுத்து இருக்கிறது. ஒரு மனிதனுக்குள் ஆறேழு மனிதர்கள் வாழ்ந்துவிட்டுப் போனார்கள் என்றே சொல்லலாம்.

இந்த வாழ்க்கையைச் சொல்லும் புஸ்தகம் ஒரே மூச்சில் எழுதப்பட்டதல்ல. 1771இல் இங்கிலாந்தில் டுவைபோர்ட் என்ற கிராமத்தில் ஒரு பாதிரியார் நண்பருடைய வீட்டில் தங்கியிருந்தபோது முதல் பகுதியை எழுதினார். பதின்மூன்று வருஷம் கழித்து, 1784இல், பாரிஸுக்கு அருகே பாஸியில் இரண்டாம் பகுதி. 1788இல் பிலடெல்பியாவில் மூன்றாவது. 1790இல் சாவதற்குச் சற்று முன்னால் இன்னும் சில பக்கங்கள். அவ்வளவும் சேர்ந்து 1757ஐ ஒட்டிய வருஷங்களோடு நின்றுவிடுகின்றன. உலகத்துக்கு அவரைத் தெரியக் காரணமான பெரிய காரியங்கள் ஒன்றும் அதில் இல்லை. இருந்தும் அது ஜீவனுள்ள புஸ்தகம். ஏன் என்று பார்ப்போம்.

முதல் காரணம், அவர் காட்சியாகச் சொல்லத் தெரிந்தவர். பிலடெல்பியாவில் காலெடுத்து வைத்த நாள் காலையில், மூன்று பென்னிக்கு ரொட்டி கேட்கிறார். ஊர் விலை தெரியாது. மூன்று பெரிய ரொட்டிகள் கிடைக்கின்றன. பைகளில் அழுக்குச் சட்டையும் காலுறையும் திணித்திருப்பதால் இடமில்லை. இரண்டு கக்கத்திலும் ஒவ்வொன்றை இடுக்கிக்கொண்டு, மூன்றாவதைத் தின்றபடி தெருவில் நடக்கிறார். ஒரு வீட்டு வாசலில் நிற்கும் ஒரு பெண் இந்த வேடிக்கையைப் பார்க்கிறாள். அவள் பெயர் டெபோரா ரீட். பிற்பாடு அவருடைய மனைவியாகப் போகிறவள் அவள்தான். எந்த நாவலாசிரியனும் பொறாமைப்படக்கூடிய அறிமுகம் இது. தன்னைக் கேலிக்கு உரியவனாக நிறுத்திவிட்டு, அந்தக் கேலியைப் பார்ப்பதற்கு மனைவியையே கொண்டுவந்து நிறுத்துகிறார்.

இரண்டாவது காரணம், தொழில் விஷயங்களில் அவர் ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறார். விலைக்கு வாங்கிய காகிதக் கட்டுகளைத் தாமே தள்ளுவண்டியில் வைத்து வீதி வழியாகத் தள்ளிக்கொண்டு போனாராம். உழைப்பாளியாக இருந்தால் மட்டும் போதாது, ஊராருக்கு உழைப்பாளியாகத் தெரியவும் வேண்டும் என்பதற்காக! முன்னுக்கு வந்த மனிதர்கள் பலரும் செய்கிற காரியந்தான். ஆனால் வெளியே சொல்கிறவர்கள் எத்தனை பேர்?

இனி அந்தப் புஸ்தகத்தின் புகழ்பெற்ற உவமைக்கு வருவோம். வாலிபத்தில் செய்த தவறுகளை அவர் அச்சுப்பிழைகள் என்று குறிப்பிடுகிறார். தொழில் பழகும் ஒப்பந்தம் முடியுமுன்பே அண்ணனை விட்டு ஓடியது ஒரு பிழை. வெர்னன் என்பவருக்காக வசூலித்த கடன் பணத்தில் கைவைத்துச் சிநேகிதனுக்குக் கொடுத்தது ஒரு பிழை. டெபோராவிடம் கல்யாணப் பேச்சுப் பேசி, 1724இல் லண்டன் போனபின் ஒரே ஒரு கடிதத்தோடு நிறுத்திக்கொண்டது ஒரு பிழை. திருத்தங்களையும் சொல்கிறார். அண்ணன் மகனைத் தம்மிடம் வைத்துப் படிக்க வைத்துத் தொழிலும் கற்றுக்கொடுத்தார். வெர்னனுக்குப் பணத்தை வட்டியோடு திருப்பிக் கொடுத்தார். டெபோராவை 1730 செப்டம்பர் முதல் தேதி மனைவியாக ஏற்றுக்கொண்டார். கணக்கு நேராகிவிட்டது.

நான் கொஞ்ச காலம் ஓர் அச்சகத்தில் புரூப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பிழைகளில் இரண்டு ஜாதி உண்டு. பாரம் மெஷினுக்குப் போகுமுன் கண்ணில் படுவது ஒன்று. கம்பாசிட்டர் எழுத்தைப் பிடுங்கிவிட்டு வேறு எழுத்தைச் சொருகிவிடுவார். பிழை இருந்த சுவடே தெரியாது. அச்சாகி, பைண்டாகி, வாசகன் கைக்குப் போனபின் தெரிவது மற்றொன்று. அதற்குச் செய்யக்கூடியது கடைசிப் பக்கத்தில் ஒரு பிழைதிருத்தப் பட்டியல் ஒட்டுவதுதான். அந்தப் பட்டியல் பிழையைத் திருத்துவதில்லை. பிழை எங்கே இருக்கிறது என்று காட்டுகிறது, அவ்வளவே. அச்சுத் தொழிலில் ஊறிய பிராங்க்ளினுக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் இருக்க முடியாது. இருந்தும் தம் பிழைகளை அவர் முதல் ஜாதியைப் போலவே பேசுகிறார். பண விஷயத்தில் இது பொருந்தும். வட்டியோடு கொடுத்தால் கடன் தீர்ந்தது. மனுஷி விஷயத்தில்?

டெபோராவுக்கு நடந்தது இது. லண்டனிலிருந்து கடிதம் வராமல் போகவே, வீட்டார் வற்புறுத்தலால் ரோஜர்ஸ் என்ற குயவுத் தொழிலாளியை மணந்தாள். அவனுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருப்பதாகப் பேச்சு வந்தது. அவள் பிரிந்து தாய்வீடு வந்தாள். அவன் கடன்பட்டு மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஓடிவிட்டான். அவன் செத்தானா இருக்கிறானா என்பதற்கு நிச்சயமான சாட்சியம் இல்லை. ஆகையால் பிராங்க்ளினோடு முறைப்படி சடங்கு செய்துகொள்ள முடியவில்லை. சேர்ந்து வாழத் தொடங்கினார்கள், ஊர் ஒப்புக்கொண்டது. ரோஜர்ஸின் கதையை எல்லாம் பிராங்க்ளின் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஆனால் நடுவே போன அந்த ஆறு வருஷம் அவளுக்கு எப்படிப் போயிற்று என்று ஒரு வாக்கியம் இல்லை. பிழை அவருடையது, திருத்தம் அவருடையது, அனுபவித்தவள் மட்டும் பட்டியலுக்கு வெளியே நிற்கிறாள்.

அதற்காக அவளை அவர் மதிக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். துண்டுப் பிரசுரங்களை மடித்துத் தைத்தாள், கடையைப் பார்த்துக்கொண்டாள், காகிதம் செய்கிறவர்களுக்காகக் கந்தைத்துணி வாங்கிச் சேர்த்தாள் என்று நன்றியோடு எழுதுகிறார். அதற்கடுத்து வருவது, என் அபிப்பிராயத்தில், புஸ்தகத்திலேயே மிக நல்ல இடம். வெகுகாலம் அவருக்குக் காலை ஆகாரம் ரொட்டியும் பாலும்தான். இரண்டு பென்னி மண் கிண்ணம், ஈயக் கரண்டி. ஒருநாள் வந்து உட்கார்ந்தால் பீங்கான் கிண்ணமும் வெள்ளிக் கரண்டியும்! கணவனுக்குத் தெரியாமல் இருபத்து மூன்று ஷில்லிங் கொடுத்து வாங்கியிருக்கிறாள். அண்டை அயலாரைப் போல வெள்ளிக் கரண்டிக்கும் பீங்கானுக்கும் தன் புருஷனும் தகுதியுள்ளவன்தான் என்பதே அவள் சொன்ன சமாதானம். சிக்கனத்தை உலகத்துக்குப் போதித்தவருடைய வீட்டில் சிக்கனம் உடைந்த கதையை அவரே சிரித்துக்கொண்டு சொல்கிறார். இந்தச் சில வரிகளில் டெபோரா முழு மனுஷியாக நம்முன் நிற்கிறாள். இவளைப் பற்றி இன்னும் கேட்கலாமே என்று நாம் நிமிர்ந்து உட்காரும்போது, அவர் வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறார்.

புஸ்தகம் நின்றுபோன இடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததைச் சரித்திரம் சொல்கிறது. 1757இலிருந்து 1762 வரையிலும், மறுபடி 1764இலிருந்து 1775 வரையிலும் பிராங்க்ளின் லண்டனில் இருந்தார். டெபோராவுக்குக் கடல் பிரயாணம் என்றால் பயம், அவள் போகவில்லை. பிலடெல்பியாவில் கட்டிய புதுவீட்டுக்குக் கணவன் இல்லாமலேதான் குடி புகுந்தாள். 1765இல் முத்திரைச் சட்டக் கலவரத்தின்போது, பிராங்க்ளின் அந்தச் சட்டத்துக்கு உடந்தை என்று நம்பிய கூட்டம் வீட்டைத் தாக்கப்போவதாகச் செய்தி வந்தது. மகளைப் பத்திரமான இடத்துக்கு அனுப்பிவிட்டு, தான் வீட்டைவிட்டு நகரமாட்டேன் என்று சொல்லி, மாடியில் துப்பாக்கிகளோடு காத்திருந்தாள். இதை அவளே கணவனுக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறாள். எழுத்துப் பிழைகள் மலிந்த, ஆனால் நடுங்காத கடிதம். பிறகு பக்கவாதம் வந்தது. 1774 டிசம்பரில் இறந்துபோனாள். கடைசிப் பத்து வருஷம் புருஷன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

புஸ்தகம் 1757ஓடு நிற்கிறது, அதற்கப்புறம் நடந்ததைக் காணோமே என்று கேட்பது நியாயமா என்று வாசகர்கள் ஆட்சேபிக்கலாம். நியாயமான ஆட்சேபம். எழுதாத அத்தியாயத்துக்காக யாரையும் குறை கூற முடியாது. ஆனால் எழுதிய அத்தியாயங்களைப் பார்த்தே, எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம் அல்லவா? 1788இல் மூன்றாம் பகுதியை எழுத உட்கார்ந்தபோது டெபோரா போய்ப் பதின்மூன்று வருஷம் ஆகிவிட்டது. அதில் தீயணைக்கும் படை இருக்கிறது, தெருவிளக்கு இருக்கிறது, கோட்டை கட்டியது இருக்கிறது. அவள் இல்லாத வீட்டின் வெறுமை அதில் இல்லை.

இந்த இடத்தில் காந்தியடிகளின் சத்திய சோதனை நினைவுக்கு வராமல் இருக்காது. அவரும் பல தடவை தம்மை மாற்றிக்கொண்டவர்தான். ஆனால் டர்பன் வீட்டில், விருந்தாளியாகத் தங்கியிருந்த குமாஸ்தாவின் மூத்திரப் பாத்திரத்தைச் சுத்தம் செய்யும் விஷயத்தில் கஸ்தூரிபாயோடு நடந்த சண்டையையும், அவளைக் கையைப் பிடித்து வாசல் கதவுவரை இழுத்துப் போனதையும் எழுதும்போது, தம்முடைய கொள்கையைச் சொல்வதோடு நிறுத்தவில்லை. அவளுடைய கண்ணீரையும், அவள் கேட்ட கேள்வியையும் சேர்த்து எழுதுகிறார். கணவனுடைய லட்சியத்துக்கு மனைவி கொடுத்த விலை அந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பிராங்க்ளினிடம் விலை தெரிகிற இடங்கள் பணத்தைப் பற்றிய இடங்கள்.

மகன் விஷயம் இன்னும் விசித்திரமானது. 1771இல் எழுதிய முதல் பகுதி மகன் வில்லியமுக்கு எழுதும் கடிதமாகத் தொடங்குகிறது. வில்லியம் அப்போது சிறுபிள்ளையல்ல. நியூ ஜெர்ஸி மாகாணத்தின் கவர்னர். பெற்ற தாய் யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, வளர்த்தவள் டெபோரா. 1752இல் இடிமின்னலில் பட்டம் விட்ட சோதனையின்போது தகப்பனோடு நின்றவன் அவன். ஆனால் யுத்தம் வந்தபோது மகன் ராஜாவின் பக்கம் நின்றான், 1776இல் கைதானான். தகப்பன் சுதந்திரத்தின் பக்கம். 1784இல் மகன் சமாதானம் நாடிக் கடிதம் எழுதினான். தள்ளாத காலத்தில் மகன் தன்னைக் கைவிட்டதைப் போல வேறெதுவும் தன்னை வருத்தவில்லை என்ற பொருளில் தகப்பன் பதில் எழுதினார். 1785இல் இங்கிலாந்துத் துறைமுகம் ஒன்றில் இருவரும் சந்தித்தார்கள். அதுவே கடைசி.

அதே 1784ஆம் வருஷத்தில்தான் பாஸியில் சுயசரிதையின் இரண்டாம் பகுதி எழுதப்படுகிறது. இப்போது புஸ்தகம் மகனை விளிக்கவில்லை. கதையைத் தொடர்ந்து எழுதும்படி இரண்டு நண்பர்கள் எழுதிய கடிதங்களை முன்னால் வைத்துவிட்டு, பொது ஜனங்களுக்காக எழுதுகிறார். இந்தப் பகுதியில்தான் புகழ்பெற்ற பதின்மூன்று நற்குணங்களின் பட்டியல் வருகிறது. வாரம் ஒரு குணமாகப் பயின்று, தவறிய நாளில் கரும்புள்ளி வைத்து, நோட்டுப் புஸ்தகத்தில் கணக்கு வைத்தாராம். ஒன்பதாவது குணம் நிதானம். நமக்குத் தீங்கு செய்தவர்களிடம் அவர்களுக்குத் தகும் என்று நாம் நினைக்கிற அளவுக்குக் கோபம் கொள்ளாதிருப்பது அதில் அடக்கம். மகன் மேல் ஆறாத கோபத்தோடு இருந்த மனிதர், அதே வருஷத்தில் உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறார். இதைப் போலித்தனம் என்று சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பட்டியல் எங்கே உதவாது என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சாட்சியாக நிற்கிறது என்றுதான் தோன்றுகிறது. அந்தப் பதின்மூன்றில் அன்பு என்பது தனிக் குணமாக இல்லை என்பதும் கவனிக்கத் தக்கது. இல்லறத்தைப் பற்றிச் சொல்ல வந்த வள்ளுவர் அன்புடைமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். கரும்புள்ளி வைத்து அளக்க முடியாததைப் பிராங்க்ளின் பட்டியலில் சேர்க்கவில்லை.

அந்தப் பழக்கம் உடைந்துபோன ஓர் இடம் புஸ்தகத்தில் இருக்கிறது. 1736இல் அவருடைய நான்கு வயசு மகன் பிரான்சிஸ் அம்மையில் இறந்துபோனான். அம்மைப்பால் குத்தும் வழக்கம் அந்த நாளில் புதிது. பிராங்க்ளின் அதை ஆதரித்தவர். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு இருந்ததால் தள்ளிப்போட்டார். அதற்குள் அம்மை வந்துவிட்டது. பால் குத்தியதால்தான் குழந்தை செத்தது என்று ஊரில் வதந்தி பரவவே, அது உண்மையல்ல என்று தம் பத்திரிகையிலேயே அறிவிப்பு வெளியிட்டார். ஐம்பது வருஷத்துக்கு அப்புறம் சுயசரிதையில் இதைச் சில வரிகளில் சொல்கிறார். பால் குத்தாமல் விட்டதற்காக வெகுகாலம் கசந்து வருந்தினேன், இன்னும் வருந்துகிறேன் என்கிறார். மற்றப் பெற்றோர்கள் அறிந்துகொள்ளட்டும் என்பதற்காக எழுதுவதாகவும் சொல்கிறார். குழந்தையின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. இங்கே அச்சுப்பிழை என்ற அந்த வார்த்தை வரவில்லை. எண்பது வயசு தாண்டிய கிழவருக்கு, எதையும் சமாளிக்கத் தெரிந்த அந்தப் பேனாவுக்கு, இந்த ஒரு விஷயத்தில் உவமை கிடைக்கவில்லை. புஸ்தகத்தில் இதைவிட உண்மையான வரிகள் எனக்குத் தென்படவில்லை.

டி. எச். லாரன்ஸ் 1923இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் பிராங்க்ளினைக் கடுமையாகக் கேலி செய்தார். மனித ஆத்மாவை வேலி போட்டு அடைக்கப் பார்த்தவர் என்பது அவர் குற்றச்சாட்டு. பதின்மூன்று குணங்களுக்கு எதிர்ப்பட்டியல் ஒன்றும் போட்டார். ருசியான கட்டுரைதான். ஆனால் லாரன்ஸ் வேலியை மாத்திரம் பார்த்தார். வேலியில் இருக்கிற சந்துகளைப் பார்க்கவில்லை என்பது என் எண்ணம். பீங்கான் கிண்ணமும் செத்துப்போன குழந்தையும் அந்தச் சந்துகள்.

இன்றும் தகப்பனார்கள் இந்தப் புஸ்தகத்தைப் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுக்கிறார்கள். தன் கையால் தன்னை உருவாக்கிக்கொண்ட மனிதனின் கதை என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும். உழைக்கவும், எளிமையாக எழுதவும், எந்த வயசிலும் புதிதாகத் தொடங்கவும் இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. ஆனால் தன் கையால் என்று சொல்லும் இடத்தில் மட்டும் பிள்ளை கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கந்தைத்துணி வாங்கிய கை யாருடையது? கடையில் கல்லாவைப் பார்த்த கை யாருடையது? அந்த வீட்டில் அடிமைகளும் இருந்தார்கள். அவர்களுடைய கை எங்கே? 1787இல் அதே பிராங்க்ளின் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். அவர் தம்மை மாற்றிக்கொண்டதில் மிகப் பெரிய மாற்றம் அதுவாக இருக்கலாம். சுயசரிதை அதுவரை எட்டவில்லை. ஒருவன் புது மனிதனாகிறபோது, பழைய மனிதனுடைய பாரத்தை யாரோ சுமக்கிறார்கள். அதையும் சேர்த்து எழுதினால்தான் வாழ்க்கை வரலாறு முழுமையாகும்.

கடைசியாக ஒன்று. இருபத்திரண்டு வயசில் பிராங்க்ளின் வேடிக்கையாகத் தமக்கே ஒரு கல்லறை வாசகம் எழுதி வைத்தார். தம் உடல் கிழிந்துபோன பழைய புஸ்தகத்தின் அட்டை, ஆக்கியோன் திருத்திய புதிய பதிப்பு பின்னால் வரும் என்பது அதன் கருத்து. கெட்டிக்கார இளைஞன் எழுதிய வாசகம், நண்பர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தார், உலகமெல்லாம் பரவியது. ஆனால் உயிலில் அவர் கேட்டது அதை அல்ல. ஆறடி நீளம், நான்கடி அகலத்தில் ஒரு சாதாரணப் பளிங்குக் கல். அதில் இரண்டு பெயரும் வருஷமும். வேறொன்றும் வேண்டாம் என்று எழுதினார். பிலடெல்பியாவில் அந்தக் கல் இன்றும் இருக்கிறது. அச்சகம், மின்சாரம், தூது எதுவும் அதில் இல்லை. பெஞ்சமின், டெபோரா பிராங்க்ளின், 1790 என்று மட்டும் இருக்கிறது.